பார்க்க ஓர் ஊர், குடியிருக்க ஓர் ஊர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உலகத்திலேயே சிறந்த நகரம் எது?

பதில்: எதற்கு? பார்க்கவா, குடியிருக்கவா?

கேள்வி: வருடா வருடம் 'வாழச் சிறந்த நகரங்கள்' என்று பட்டியல் வருகிறதே, அதை நம்பலாமா? பாரிஸ், நியூயார்க் எல்லாம் அதில் முதலிடத்துக்கு வரக் காணோமே?

பதில்: நீங்கள் சொல்வது அநேகமாக 'எகனாமிஸ்ட்' பத்திரிகைக் குழுமத்தின் ஆய்வுப் பிரிவான எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிடும் பட்டியலாக இருக்கும். 173 நகரங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்கள். பாதுகாப்பு, மருத்துவம், கலாசாரமும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்று 5 பாடம். 2011 முதல் 2017 வரை மெல்போர்ன்தான் முதல் ரேங்க், 2022 முதல் 3 வருடம் வியன்னா, 2025இல் கோபன்ஹேகன் முந்திக்கொண்டது. பாரிஸும் நியூயார்க்கும் பின்தங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஊர் பெருகப் பெருக நெரிசல், திருட்டு, ரயில் கோளாறு என்று ஒவ்வொரு பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மார்க் குறையும். பணக்கார நாட்டில் இருக்கும் நடுத்தர அளவு ஊர்தான் இந்தப் பரீட்சையில் எப்போதும் ஜெயிக்கும்.

இதில் ஒரு முக்கியமான பாடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? விலைவாசி. வாடகை அதிகம் என்பதற்காக இங்கே யாருக்கும் மார்க் குறைவதில்லை, விலைவாசிக்கு அவர்களே தனியாக இன்னொரு பட்டியல் போடுகிறார்கள். கம்பெனிகள் தங்கள் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, அந்த ஊரில் இருப்பது எவ்வளவு சிரமம், அதற்கு எவ்வளவு படி கொடுக்கலாம் என்று கணக்குப் போடுவதற்குப் பயன்படும் பட்டியல் இது. அதாவது வாடகையை வேறு யாரோ கட்டப்போகிறார்கள். உங்கள் வாடகையை நீங்களே கட்டுவதாக இருந்தால் இந்தப் பட்டியலைப் பாதிதான் நம்பலாம்.

கேள்வி: சரி, வியன்னாவில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: பார்க்கப் போகிறவர் அரண்மனை, ஓபரா என்று சொல்லுவார். குடியிருப்பவரைக் கேட்டால் வீடு என்பார். நகராட்சிக்கே சொந்தமாக 2 லட்சத்துக்கு மேல் வீடுகள் இருக்கின்றன. அரசு உதவியோடு கட்டிய வீடுகளையும் சேர்த்தால் ஊரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறார்கள். இது 1920களில் தொடங்கிய பழக்கம். 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இன்றைக்கும் அதில் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்புறம் போக்குவரத்து. 2012 முதல் 2025 முடிய டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டு பாஸ் 365 யூரோ, நாளுக்கு ஒரு யூரோ. 2026இல் ஏற்றிவிட்டார்கள். ஒன்று மட்டும், நேற்று வந்து இறங்கியவருக்கு நகராட்சி வீடு உடனே கிடைத்துவிடாது, அந்த ஊரில் முறைப்படி பதிந்து சில காலம் வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை தனியார் வாடகைதான்.

கேள்வி: பத்து நாள் பாரிஸ் போய்வந்தோம். அங்கேயே தங்கிவிடலாம் போல இருக்கிறது என்கிறார் என் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: பயப்படுங்கள், நல்லதுதான். பாரிஸ் பத்து நாளுக்கென்றே செய்துவைத்தது போன்ற ஊர். நகர எல்லைக்குள் வெறும் 105 சதுர கிலோமீட்டர்தான், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தே போய்விடலாம். லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் பெரிய ஏமாற்றம் எதுவும் வராது. ஆனால் அந்த 105 சதுர கிலோமீட்டருக்குள் 20 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஆளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று யோசியுங்கள்.

நீங்கள் ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்து ரசித்திருப்பீர்களே, வரிசையாக ஒரே உயரத்தில் சாம்பல் நிறக் கூரைகள். அவை துத்தநாகத் தகடு. அந்தத் தகட்டுக்குக் கீழே இருப்பவை ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்கள் படுத்துக்கொண்ட அறைகள். இப்போது அவற்றைத்தான் மாணவர்களுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். சட்டப்படி 9 சதுர மீட்டர் இருந்தால் போதும், வாடகைக்கு விடலாம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும் அளவு. பல கட்டடங்களில் அந்த மாடிக்கு லிஃப்ட் போகாது, பின்பக்கம் தனியாக ஒரு குறுகல் படிக்கட்டு, கழிப்பறை தாழ்வாரக் கோடியில், அதுவும் நாலு அறைக்குப் பொது. ஜூலையில் அந்தத் தகடு காயும்போது உள்ளே இருப்பவர் வேகவேண்டியதுதான்.

எல்லாரும் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்று சொல்லவரவில்லை. நல்ல வீடுகளும் உண்டு, ஆனால் அது கிடைப்பதற்கு வாடகையைப் போல மூன்று மடங்கு மாதச் சம்பளம், சம்பளச் சீட்டுகள், ஜாமீன் போட ஓர் ஆள் என்று ஒரு கோப்பே தயார் செய்து, உங்களைப் போல இன்னும் பலர் நிற்கும் வரிசையில் நீட்ட வேண்டும். உங்கள் கணவரிடம் ஒரு யோசனை சொல்லுங்கள்: அடுத்த முறை நவம்பரில் போகட்டும், மூன்று வாரம், அருங்காட்சியகம் எதற்கும் போகாமல், தினமும் காலை எட்டரைக்கு மெட்ரோ ஏறி மாலை ஆறரைக்குத் திரும்பட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் நீங்கள் மறுக்காதீர்கள், அது உண்மையான ஆசை.

கேள்வி: லண்டனில் எப்போதும் மழையாமே?

பதில்: நல்ல பெயர் வாங்கிக் கெட்டுப்போன ஊர்கள் உண்டு, கெட்ட பெயர் வாங்கியே பிழைத்துக்கொண்ட ஊர் இது. லண்டனில் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. நியூயார்க்கிலும் சிட்னியிலும் கிட்டத்தட்ட அதைப் போல இருமடங்கு, டோக்கியோவில் அதற்கும் மேல். லண்டன் மழை அளவில் குறைவு, தூறித் தூறியே பெயரைக் கெடுத்துக்கொள்கிறது.

அங்கே பிரச்சினை மழை இல்லை, வெளிச்சம். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒரு வாரம் சுற்றிப் பார்க்கப் போனவருக்கு அது விளக்கு அலங்காரம் பார்க்க நல்ல வசதி. வருடம் முழுக்க இருப்பவருக்கு, ஆபீஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பகலைப் பார்க்கும் ஒரு மாதம். வந்துபோகிறவருக்கு இன்னொரு சலுகையும் உண்டு, பிரிட்டிஷ் மியூசியம் போன்ற தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. வசிக்கிறவருக்கும் கிடையாதுதான், ஆனால் வாடகை கட்டி முடித்தபின் அந்த மாதத்தில் பெரும்பாலும் அங்கேதான் போகவேண்டியிருக்கும்.

கேள்வி: டோக்கியோ, நியூயார்க் இரண்டில் மொழி தெரியாதவருக்கு எது சுலபம்?

பதில்: சுற்றிப் பார்க்க டோக்கியோ. பலகைகளில் ஆங்கிலமும் இருக்கிறது, ரயில் நிலையத்துக்கு எண்ணும் எழுத்தும் போட்டிருக்கிறார்கள், ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது. ஷின்ஜுகு நிலையம் மட்டும் விதிவிலக்கு. தினமும் சுமார் 30 லட்சம் பேர் வந்துபோகும் இடம், வாசல்கள் 200க்கு மேல். மேற்கு வாசலில் நிற்பதாகச் சொன்ன நண்பரைத் தேடி நான் கிழக்கு வாசலில் ஏறி, திரும்ப இறங்கி, ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து, அந்தக் கடையும் நிலையத்தின் பகுதிதான் என்று புரிந்துகொண்டபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. தெருப்பெயரை வைத்துத் தேடலாம் என்றால் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, வட்டாரம், பிளாக் எண், கட்டட எண் என்றுதான் முகவரி. இன்னொன்று, நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும், அடுத்தது காலை ஐந்து மணிவாக்கில்தான். நியூயார்க் சப்வே 1904இல் தொடங்கியது, 472 நிலையங்கள், இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். அழுக்கு, சத்தம், எலி, எல்லாம் உண்டு, ஆனால் விடிகாலை மூன்று மணிக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்.

குடியேற என்றால் இரண்டுமே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும், கேள்விதான் வேறு. டோக்கியோவில் முன்பணம் தவிர, பல வீடுகளுக்கு 'ரெய்கின்' என்று ஒரு தொகை கேட்பார்கள், வீடு கொடுத்ததற்காக வீட்டுக்காரருக்கு நீங்கள் தெரிவிக்கும் நன்றி, திரும்பி வராது. அதற்கு மேல் உத்தரவாதம் தர ஆளோ கம்பெனியோ வேண்டும், வெளிநாட்டவர் என்றதும் தயங்குகிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் நீங்கள் எந்த நாடு என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள், ஆண்டுச் சம்பளம் மாத வாடகையைப் போல 40 மடங்கு இருக்கிறதா என்பார்கள். இல்லையென்றால் ரூம் மேட்தான், நாற்பது வயதிலும்.

கேள்வி: சிங்கப்பூரிலும் துபாயிலும் ஒரே சமயத்தில் வேலை வந்திருக்கிறது. மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகன். எதை எடுக்கலாம்?

பதில்: துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, முதல் வருடம் வங்கிக் கணக்கைப் பார்த்தால் மனசு நிறையும். வாடகையை மாதாமாதம் கட்டும் பழக்கம் குறைவு, வருட வாடகைக்கு ஒன்றோ நாலோ செக் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், ஆகவே கையில் ரொக்கத்தோடு போங்கள். கோடையில் 40 டிகிரிக்கு மேல் வெயில், பையன் சில மாதம் வெளியே விளையாட மாட்டான். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், வருடம் முழுக்க ஒரே புழுக்கம், ஆனால் மாலையில் பூங்காவுக்குப் போகலாம், பஸ்ஸும் ரயிலும் இருப்பதால் கார் தேவையே இல்லை. நல்லவேளை, ஏனென்றால் அங்கே கார் வைத்துக்கொள்வதற்கான 10 வருட அனுமதிச் சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டும், அது பல சமயம் காரின் விலையையே தாண்டும். மக்களில் முக்கால்வாசிக்கு மேல் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள், நீங்கள் அங்கே வாடகைக்குத்தான் இருக்க முடியும், தனியார் வீடு வாங்கலாம் என்றால் வெளிநாட்டவருக்கு 2023 முதல் 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி.

இரண்டு ஊரிலும் பொதுவான ஒன்று, நீங்கள் தங்கியிருப்பதே அந்த வேலையை நம்பித்தான். வேலை போனால் சிங்கப்பூரில் வேலை அனுமதி ரத்தானபின் பொதுவாக 30 நாள்தான் கிடைக்கும். அதனால் சம்பளத்தைவிட முதலில், வேலையை விட்டு நிறுத்தினால் எத்தனை மாத நோட்டீஸ் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். மூன்று வருடத்தில் பணம் சேர்த்துக்கொண்டு கிளம்புவதாக இருந்தால் துபாய். மகன் பள்ளி முடிக்கும்வரை என்றால் நான் சிங்கப்பூர் என்பேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

கேள்வி: வயதான அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப்போக எந்த நகரம்?

பதில்: அருங்காட்சியகத்தைப் பார்க்காதீர்கள், படிக்கட்டைப் பாருங்கள். பாரிஸ் மெட்ரோவில் முழுக்கப் படியேறாமல் போக முடிந்தது புதிதாகக் கட்டிய 14ஆம் பாதை ஒன்றில்தான், மற்றவற்றில் ஏறி இறங்கியே மூட்டு தேய்ந்துவிடும், அங்கே பஸ்ஸில் போங்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரும்பாலான சுரங்க ரயில் நிலையங்களில் லிஃப்ட் இல்லை. சிங்கப்பூரில் எல்லா மெட்ரோ நிலையத்திலும் உண்டு. டோக்கியோவிலும் பெரும்பாலும் உண்டு, என்ன, எந்த மூலையில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

கேள்வி: வெனிஸ் போகலாமா?

பதில்: போங்கள், ஆனால் ஓர் இரவாவது தங்குங்கள். 1951இல் அந்தத் தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள், இப்போது 50,000கூட இல்லை. வீடுகள் எல்லாம் வந்துபோகிறவர்களுக்கான அறைகளாகிவிட்டன. 2024 முதல் கூட்டம் அதிகமான நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் அந்தக் கூட்டம் ரயிலேறிப் போனபிறகு, மாடியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டால் நின்று கேளுங்கள், அது அபூர்வம்.

கேள்வி: கடைசியாக, நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள்?

பதில்: ஒரு வாரம் என்றால் இஸ்தான்புல், வேறு வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் ஐரோப்பாக் கரைக்கும் ஆசியாக் கரைக்கும் படகில் போய்ப் போய் வருவேன். குடியிருக்க வியன்னா. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு, பாலைச் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும், நான் நிச்சயம் மறந்துவிடுவேன்.