மூஞ்சூறுக்கு எலி மருந்து வாங்கலாமா?

கேள்வி: ராத்திரியானால் சமையலறைச் சுவரோரமாக ஏதோ கீச் கீச்சென்று ஓடுகிறது, ஓடின இடமெல்லாம் ஒரே வீச்சம். மூஞ்சூறு என்று நினைக்கிறேன். எலி மருந்து, ஒட்டும் அட்டை, பிளக்கில் செருகும் ஒலிக் கருவி, இதில் எதை வாங்கலாம்?

பதில்: மூன்றுமே வேண்டாம். கீழ்த்தாடையைத் தாண்டி நீண்ட மூக்கு, கடுகளவு கண், அடியில் தடித்து ஆங்காங்கே நீள மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் வால், இதெல்லாம் இருந்தால் மூஞ்சூறுதான். அது எலி இனமே கிடையாது, முள்ளெலிக்கு உறவு. எலிக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், இதற்கு அப்படி இல்லை, அதனால் வீட்டில் ஒயரோ துணியோ கடிபட்டிருந்தால் எலியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூஞ்சூறு தேடி வருவது கரப்பானையும் மற்ற பூச்சிகளையும்தான்.

எலி மருந்துக் கட்டிகள் பெரும்பாலும் தானியத்தில் செய்தவை, பூச்சி தின்னும் பிராணி அதைச் சீண்டாமலே போகலாம். தின்றாலும் சாகச் சில நாள் ஆகும், அதுவும் அலமாரிக்குப் பின்னால் போய்ச் செத்தால் இப்போதிருக்கும் வீச்சமே தேவலை என்றாகிவிடும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், குழந்தை வாயில் பட்டால் கல்லீரலையே அழிக்கும், மாற்று மருந்து கிடையாது. ஒட்டும் அட்டையில் சிக்கியது உயிரோடு தோல் கிழியத் துடிக்கும், அந்தக் கொடுமைக்குக் காசு கொடுக்க வேண்டுமா? ஒலிக் கருவி விஷயம் பழைய கதை: 2001-லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம், விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது.

சரி, எதை வாங்குவது? கதவுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை, கழிவுநீர்த் துளைக்கு ஸ்டீல் சல்லடை மூடி, குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றி அடைக்கக் கொஞ்சம் கம்பிவலையும் சிமெண்டும். அடைப்பதற்கு முன் உள்ளே குட்டி இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றின் வாலடியை மற்றொன்று கவ்விக்கொண்டு வரிசையாகத் தாய் பின்னால் போகும். அப்புறம் கரப்பானை ஒழியுங்கள், அதற்கு ஜெல் மருந்து போதும். ராத்திரி நாய், பூனைச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள்.

உள்ளேயே மாட்டிக்கொண்டது என்றால் மட்டும் கூண்டு வையுங்கள். அதற்கு அடிக்கடி தீனி வேண்டும், பொழுது விடியும்வரை விட்டால் பட்டினியில் செத்துவிடும், ஆகவே அடிக்கடி போய்ப் பாருங்கள். கூண்டைத் தொடும்போது கையுறை அவசியம், எலிக்காய்ச்சல் கிருமி அதனிடமும் இருக்கலாம்.