ரோட்டரி சங்க வாராந்திரக் கூட்டத்தில் என்ன நடக்கிறது? சேர்வதால் பயன் உண்டா?

"எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் சேரச் சொல்லி நண்பர் ஒருவர் விடாமல் கேட்கிறார். வாராவாரம் கூடி, பொன்னாடை போர்த்தி, சாப்பிட்டுக் கலைவதைத் தவிர அங்கே வேறு என்ன நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றில் பல ஆண்டுகளாக நான் ரோட்டரி உறுப்பினர். இப்போது வாரக் கூட்டத்துக்குப் பேச்சாளர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு சங்கம் உருப்படியாகச் சேவை செய்கிறதா என்பதை அதன் சிறப்பு விருந்தினருக்குக் கிடைக்கும் 25 நிமிடங்களை வைத்தே கணித்துவிடலாம்.

முதலில் கூட்டத்தின் நடைமுறை. தலைவர் மணி அடித்துத் தொடங்கிவைப்பார். தமிழ்த்தாய் வாழ்த்து, பிறகு நான்கு வழிச் சோதனை வாசிப்பு. ‘இது உண்மையா? அனைவருக்கும் நியாயமானதா? நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா? எல்லோருக்கும் நன்மை தருமா?’ என்ற நான்கு கேள்விகள். நொடித்துப்போகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திர நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர் 1932-இல் எழுதியது. அடுத்துத் தலைவர் உரை, செயலாளர் அறிவிப்புகள், அந்த வாரம் பிறந்தநாளும் திருமணநாளும் காணும் உறுப்பினர்களுக்கு வாழ்த்து. பேரன் பிறந்தான், மகள் தேர்வில் வென்றாள் என்று எழுந்து சொல்கிறவர்கள் ஒரு தொகையை உண்டியலில் போடுவார்கள். அதன்பின் சிறப்பு விருந்தினர் உரை, கேள்விகள், நன்றியுரை, நினைவுப் பரிசு, நாட்டுப்பண். மறுபடி மணி அடித்ததும் சாப்பாடு. மேடையில் ‘ரோட்டேரியன்’ என்று அடைமொழி வைத்துக் கூப்பிட்டவர்கள் பந்தியில் அண்ணன், தம்பி, அக்கா ஆகிவிடுவார்கள். பல வேலைகள் அந்தப் பந்தியில்தான் பேசி முடிகின்றன. ஆகவே சாப்பாட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இனி விருந்தினர் உரைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கி மருத்துவரை அழைத்திருந்தோம். அவர் படங்கள் எதுவும் காட்டவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காலி ரத்தப் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிலிருந்து பிரிந்து போகும் சிறு பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இதில் சிவப்பணு, சரியான கரைசலோடு குளிரில் வைத்தால் அதிகபட்சம் 42 நாள் தாங்கும். இதில் தட்டணு (பிளேட்லெட்), அறை வெப்பநிலையில் அசைத்துக்கொண்டே வைத்திருந்தாலும் 5 நாள்தான். ஒரு கொடையாளரிடம் மறுபடி ரத்தம் எடுக்க, ஆணென்றால் மூன்று மாதம், பெண்ணென்றால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் விழா நாளில் ஊரே திரண்டு வந்து ரத்தம் கொடுக்கிறீர்கள். மிக்க நன்றி. மே மாதம் கல்லூரிகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும்போது யாரிடம் நான் கேட்பது?"

அதுவரை எங்கள் ரத்ததான முகாம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, பந்தல், பதாகை, பத்திரிகையில் படம். ‘கொடுத்தோம்’ என்ற நிறைவு எங்களுக்கு இருந்தது. கொடுத்தது எப்போது தேவை என்பதை அந்த மருத்துவர் வந்து சொன்ன பிறகுதான் அறிந்தோம். அன்று பந்தியிலேயே பேசி முடிவானது: பெரிய முகாமைப் பிரித்து, கோடை விடுமுறையில் நூற்பாலையிலும் காய்கறிச் சந்தையிலும் சிறு முகாம்கள், டெங்கு பரவும் மழைக்காலத்தில் தட்டணு தேவைப்பட்டால் கூப்பிடுவதற்கு ரத்த வகை வாரியாகக் கொடையாளர்களின் தொலைபேசிப் பட்டியல். இதற்குத் தனியாகப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் இன்றும் வேலை செய்கிறது. நள்ளிரவில் யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேச ஓர் உறுப்பினர் இருக்கிறார்.

பணம் திரட்டுவதிலும் இதே கதைதான். இரண்டு வகைப் பணத்தை முதலில் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். உறுப்பினர் சந்தா என்பது சங்கத்தை நடத்த: அரங்க வாடகை, சாப்பாடு, ரோட்டரி மாவட்டத்துக்கும் (பல சங்கங்கள் சேர்ந்த பிரிவு) தலைமையகத்துக்கும் கட்ட வேண்டியது. ஊரிடம் வாங்கும் நன்கொடை சேவைக்கு மட்டும். ஒழுங்கான சங்கத்தில் இவை இரண்டும் தனித்தனி வங்கிக் கணக்குகளில் இருக்கும். பல சங்கங்கள் நன்கொடைக்கென ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்து, நன்கொடை கொடுப்பவரின் வருமான வரியைக் குறைக்கும் ‘80ஜி’ சலுகையும் பெற்றிருக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்குமேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதால் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேட்போம்.

வழக்கமான வழி, இன்னிசை நிகழ்ச்சி ஒன்று நடத்தி விழா மலர் போடுவது. மலரில் முழுப் பக்கம், அரைப் பக்கம் என்று விளம்பரம் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். எங்கள் ஊர் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ரசீதுப் புத்தகத்தைப் பார்த்ததும் "போன வருஷம் வாங்கினது என்னாச்சு தம்பி?" என்றுதான் தொடங்குவார். அது முழுக்க நியாயமான கேள்வி. அதனால் விளம்பரம் கேட்கப் போகும்போதே முந்தைய ஆண்டுக் கணக்கையும், வாங்கிய பொருள்களின் பில் நகலையும் கையோடு கொண்டுபோகும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். குலுக்கல் சீட்டு அடித்து விற்கலாம் என்று எப்போதாவது யாராவது யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. எங்கள் சங்கத்து வழக்கறிஞர் அந்த யோசனையை முளையிலேயே கிள்ளிவிடுவார்.

பெரிய தொகை வேண்டுமென்றால் ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியம் இருக்கிறது. 1917-இல் அப்போதைய ரோட்டரித் தலைவர் ஆர்ச் கிளம்ப் முன்வைத்த யோசனையில் முளைத்தது அந்த அறக்கட்டளை. அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட்தான். இன்று இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க, திட்ட மதிப்பே குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். வேறு நாட்டுச் சங்கம் ஒன்றும் கூட்டாளியாகச் சேர வேண்டும். டயாலிசிஸ் இயந்திரங்கள் வாங்கித் தர இந்த வழியை நாங்கள் ஆராய்ந்தபோது, விண்ணப்பம் எழுதுவதற்கு முன் டயாலிசிஸ் தொழில்நுட்பர் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்தோம். ஒருவருக்கு நான்கு மணி நேரம் சிகிச்சை நடந்தால் சுமார் 120 லிட்டர் கரைசல் ஓடும். அதற்குச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்புக்கு நல்ல சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் இறக்கினால் அது மூலையில்தான் நிற்கும் என்று விளக்கினார். வடிகட்டிகள், குழாய்கள் என்று மாதாமாதம் ஆகும் செலவையும் சொன்னார். கேட்ட பிறகு எங்கள் மதிப்பீடு மாறியது. இயந்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துத் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கும் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கினோம். திறப்பு விழாப் படத்தில் இயந்திரங்கள் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். நோயாளிக்கு வேண்டியது நிற்காமல் ஓடும் இயந்திரம்.

விஷயம் தெரிந்தவரை அழைத்து உட்கார்ந்து கேட்கும் இந்தப் பழக்கம் ரோட்டரியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரோடு முதலில் கூடியவர்கள் ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் தொழில்காரர். வெவ்வேறு தொழில் செய்பவர்கள் ஒருவர் உலகத்தை மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் அடிப்படை. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்ற பழைய விதியும் அதற்காகவே. இந்தியாவில் 1920-இல் கல்கத்தாவிலும் 1929-இல் சென்னையிலும், இலங்கையில் அதே 1929-இல் கொழும்பிலும் சங்கங்கள் வந்தன. பெண்களைச் சேர்க்க 1989 வரை ஆனது என்பது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம். எங்கள் சங்கத்தில் இப்போது இருக்கும் பெண் மருத்துவரும் பெண் தணிக்கையாளரும் இல்லையென்றால் மேலே சொன்ன வேலைகளில் பாதி நடந்திருக்காது.

போலியோ ஒழிப்பைக் குறிப்பிடாமல் இதை எழுத முடியாது. 1985-இல் ரோட்டரி தொடங்கிய ‘போலியோ பிளஸ்’ திட்டத்துக்கு ஆயிரக்கணக்கான ஊர்களின் வாரக் கூட்டங்களில் உண்டியல் சுற்றி வந்தது. 12 கோடி டாலர் இலக்கு வைத்தார்கள். 1988-க்குள் 24 கோடியைத் தாண்டிவிட்டது. இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உட்பட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்கே போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. சொட்டு மருந்து நாள்களில் பஸ் நிலையத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு உதவியாக நின்ற சாதாரண உறுப்பினர்களுக்கும் இந்தச் சாதனையில் பங்கு உண்டு.

2016 முதல், மாதத்துக்கு இரண்டு கூட்டம் நடத்தினால் போதும் என்று விதி தளர்ந்திருக்கிறது. பெருநகரப் போக்குவரத்தில் அது தேவையாக இருக்கலாம். ஆனாலும் வாரக் கூட்டத்தைக் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த வாரம் ரத்த வங்கி மருத்துவர் பேசினார் என்றால், அடுத்த வாரமே ‘நூற்பாலை மேலாளரைப் பார்த்தாயா?’ என்று கேட்க ஆள் இருக்கிறது. இடைவெளி கூடக் கூட அந்தச் சூடு ஆறிவிடுகிறது.

பேச்சாளர் விஷயத்தில் கெட்டுப்போகும் சங்கங்களும் இருக்கின்றன. காப்பீடும் வீட்டுமனையும் விற்க வருபவருக்கு மேடை கொடுப்பது, வாழ்த்துகளையும் அறிமுகங்களையும் நீட்டிவிட்டு விருந்தினரிடம் "பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டு அனுப்புவது. தன் வேலையை விட்டு, கூலி வாங்காமல், நமக்காக வந்திருக்கும் ஒருவரை அப்படி நடத்துவது எனக்குப் பொறுக்காது.

உங்களுக்கு நான் சொல்வது இது. நண்பரின் விருந்தினராக முதலில் சில கூட்டங்களுக்குப் போங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். விருந்தினர் எத்தனை மணிக்குப் பேச எழுகிறார், உறுப்பினர்கள் கேள்வி கேட்கிறார்களா என்று கவனியுங்கள். செயலாளரிடம் கடந்த சில மாதங்களின் பேச்சாளர் பட்டியலையும், பொருளாளரிடம் சேவைக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டினால் நம்பிச் சேரலாம். சந்தா ஊருக்கு ஊர், சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். சாப்பாட்டுச் செலவு அதில் அடக்கமா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். ரோட்டரி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. புதிய தலைவர் குழுக்களை அமைக்கும் மே, ஜூன் மாதங்களில் சேர்ந்தால் உங்களுக்கு விருப்பமான குழுவில் இடம் கேட்டு வாங்கலாம்.