சீட்டு வித்தைக்கு எந்தப் பர்ஸ்?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சீட்டு வித்தை பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் விடாமல் படிக்கிறேன். நான் இருப்பது திருநகரில். பகலில் செல்போன் கடையில் வேலை. மூன்று வருடமாகப் பிறந்தநாள் வீடுகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் மேசை மேசையாகப் போய் மேஜிக் செய்கிறேன். பார்ப்பவர் கையெழுத்துப் போட்ட சீட்டு கட்டிலிருந்து மறைந்து என் பர்ஸுக்குள்ளிருந்து வர வேண்டும். அதைக் கடைசி ஐட்டமாக வைக்க ஆசை. இதற்கென்றே செய்த பர்ஸ்களைத் தேடினால் தலை சுற்றுகிறது. கேப்ஸ் என்கிறார்கள், லெபால் என்கிறார்கள், ஹிம்பர் என்கிறார்கள். நல்ல தோலில் வரும் வெளிநாட்டுப் பர்ஸ் என் சம்பளத்தில் பாதி. மலிவாக ஒரு ரெக்சின் பர்ஸ் வாங்கினேன். போன மாதம் ஒரு வீட்டில் அதை வெளியே எடுத்ததுமே ஒரு பையன் "அது மேஜிக் பர்ஸ்" என்று கத்திவிட்டான். எதை வாங்கலாம்? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர், திருநகர், மதுரை

*

அன்புள்ள தம்பி,

அந்தப் பையனுக்கு உங்கள் ரகசியம் எதுவும் தெரிந்திருக்காது. அந்தப் பர்ஸை நீங்கள் தினமும் வைத்துக்கொள்வதில்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. குழந்தைகளுக்கு இது சட்டென்று தெரியும். பெரியவர்களுக்கும் தெரியும், மரியாதைக்காகச் சொல்லமாட்டார்கள்.

எனக்குச் சொன்ன பெரியவர் ஒருவர் இருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தலுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். வேட்டியின் மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டிய பெரியவர் ஒருவர் கிளாவர் ஒன்பதை எடுத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சீட்டு கட்டிலிருந்து போனது. நான் பின் பாக்கெட்டிலிருந்து பளபளவென்று ஒரு கறுப்புப் பர்ஸை எடுத்து, ஜிப்பைத் திறந்து, அவருடைய சீட்டைக் கொடுத்தேன். கை சுத்தமாக வேலை செய்திருந்தது. அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. "இருப்பா" என்று பர்ஸை வாங்கினார். விரித்தார், ஒவ்வொரு அறையிலும் விரலை விட்டுப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "இதுல ஒத்த ரூவா இல்லையேப்பா. காசு வைக்காத பர்ஸ எதுக்குச் சொமக்குற?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் என் பழைய பர்ஸிலிருந்த பணம், ஓட்டுநர் உரிமம், ஏடிஎம் கார்டு, மீனாட்சி அம்மன் கோயில் குங்குமப் பொட்டலம் எல்லாவற்றையும் வித்தைப் பர்ஸுக்கு மாற்றினேன். பாதி உள்ளே போகவில்லை. எனக்கு வேண்டிய பர்ஸ் அது இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: டீக்கடையில் காசு கொடுக்க நீங்கள் எடுக்கும் பர்ஸும் வித்தையில் எடுக்கும் பர்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது இளநீர்க் கடை வரைக்கும் ஸ்கேன் செய்யும் அட்டை தொங்குகிறது. இருபத்து மூன்று வயதுப் பையன் பர்ஸை எடுத்தாலே இப்போது ஒரு சம்பவம்தான். வித்தையின் உச்சத்தில், யாரும் கேட்காதபோது, முதல்முறையாகப் பர்ஸ் வெளியே வந்தால் எல்லோர் கண்ணும் அதன்மேல்தான் இருக்கும். அதனால் ஆரம்பத்திலேயே அதை ஒருமுறை காட்டிவிடுங்கள். மேசைக்குப் போனதும் பர்ஸை எடுத்து விசிட்டிங் கார்டு ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே திரும்ப வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அது மறுபடி வரும்போது பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பொருளாகியிருக்கும்.

அடுத்தது, எங்கே வைப்பது. நீங்கள் சொன்ன பெயர்களில் கேப்ஸ் என்பவர் நெதர்லாந்துக்காரர் பிரெட் கேப்ஸ். உலக மேஜிக் போட்டியில் 1950, 1955, 1961 என்று மூன்று முறை கிராண்ட் பிரி வாங்கியவர். அவரும் அவர் காலத்து ஆட்களும் கோட்டு போட்டவர்கள். அவர்களுடைய பர்ஸ் கோட்டின் உள்பாக்கெட்டில் நிற்கும் நீளப் பர்ஸ். கை உள்ளே போவதையும் வருவதையும் கோட்டு மறைத்துக் கொடுக்கும். சித்திரை மாதம் 40 டிகிரி வெயிலில், ஏசி இல்லாத மண்டபத்தில், கோட்டு போட்டு மேசை மேசையாக நடந்தால் முதல் மேசையிலேயே சட்டை நனைந்துவிடும். சுற்றி எல்லோரும் வேட்டி சட்டையில் இருக்கும்போது கோட்டுக்காரர் தனியாகத் தெரிவார் என்பது வேறு. நமக்குப் பின் பாக்கெட்டுதான். இரண்டாக மடியும் பர்ஸ்தான். கோட்டுப் பர்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பின் பாக்கெட் என்றதும் எல்லோரும் பர்ஸைப் பற்றியே யோசிப்பார்கள். நான் பேன்ட்டைப் பற்றி யோசிக்கச் சொல்வேன். இறுக்கமான ஜீன்ஸில் உலகத்திலேயே சிறந்த பர்ஸும் வேலை செய்யாது. தைத்துப் போடுங்கள். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களில் பழகியவர் யாராவது இருந்தால் அவரிடமே போகலாம். வலது பின் பாக்கெட்டை அரை அங்குலம் அகலமாக, ஒரு அங்குலம் ஆழமாக வைக்கச் சொல்லுங்கள். பட்டன் வேண்டாம். உள்ளே சொரசொரப்பான துணி போடாமல் வழுக்கும் துணி போடச் சொல்லுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் கூடக் கேட்பார். கொடுத்துவிடுங்கள். பர்ஸுக்காகச் செய்யும் செலவில் இதுதான் உருப்படியான செலவு.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்வேலை எப்படி என்று பொதுவில் எழுதமாட்டேன், அது காசு கொடுத்து வாங்குபவருக்கு உரியது. கேப்ஸ் வகை என்று விற்பதில் (அமெரிக்கர் எட் பல்தூச்சியின் பெயரும் சேர்ந்து வரும்) சீட்டு ஜிப் போட்ட அறைக்குள் வந்து சேரும். லெபால் வகையில் அதற்கும் ஒரு படி மேலே, ஒட்டிய கவருக்குள் வரும். ஹிம்பர் என்பது வேறு வேலைக்கு: உள்ளே வைத்த ஒன்று இன்னொன்றாக மாறும். பெயருக்குரிய ரிச்சர்ட் ஹிம்பர் அமெரிக்காவில் இசைக்குழு நடத்தியவர், அப்படியே மேஜிக்கும் செய்தவர். உங்கள் ஐட்டத்துக்கு ஹிம்பர் தேவையே இல்லை, அதை விட்டுவிடுங்கள். முதல் இரண்டுக்கும் பாமிங், அதாவது சீட்டை உள்ளங்கையில் மறைத்து வைப்பது, கைக்கு வந்திருக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்தாலும் பர்ஸ் அந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது. பாமிங் இன்னும் உதறுகிறது என்றால் பர்ஸ் பணத்தை அப்படியே வைத்திருங்கள், ஆறு மாதம் கழித்து வாங்கலாம்.

சரி, அளவு. கடையில் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பைசைக்கிள் என்ற கம்பெனிக் கட்டு மாதிரி போக்கர் அளவுச் சீட்டு ஏறக்குறைய 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். நம் ஊரில் ரம்மி ஆட விற்கும் கட்டு பெரும்பாலும் 57 மி.மீ. அகலம்தான். ஏடிஎம் கார்டு 54 மி.மீ. ஆகவே அந்தக் கார்டுக்கு அளவெடுத்த அறையில் சீட்டு பெரும்பாலும் சரியாக நுழையாது. ஜிப் அறையோ நோட்டு வைக்கும் அறையோதான் வழி. குறுகலான கட்டுக்கு அளவெடுத்த பர்ஸில் போக்கர் சீட்டு மூலையில் மடங்கும். கையெழுத்துப் போட்டவர் அந்த மடிப்பைத்தான் முதலில் பார்ப்பார். கட்டைக் கையோடு எடுத்துப் போய் ஒரு சீட்டை உள்ளே விட்டு, ஜிப்பைத் திறந்து மூடிப் பாருங்கள். வெளிநாட்டுப் பர்ஸில் நம் நோட்டு போகுமா என்ற கவலை வேண்டாம். நம் 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். டாலர் அதைவிடக் கொஞ்சம் நீளம்.

ஜிப்பில் உலோகப் பல் வேண்டாம். சீட்டின் ஓரத்தைக் கீறும். நைலான் போதும். ஆனால் திறக்கும்போது சத்தம் கேட்கட்டும். "ஜ்ஜிக்" என்று அது திறக்கும் நேரத்தில் மேசை அமைதியாகும் பாருங்கள், அந்த இரண்டு விநாடிக்காகத்தான் நான் இந்த வித்தையைச் செய்கிறேன்.

உங்கள் பணப் பிரச்சினைக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டாம். நான் இப்போது வைத்திருப்பது மதுரையில் தைத்தது. நியாயமாக வாங்கிய ஒரு பர்ஸ் என்னிடம் இருந்தது. அதன் தையல் விட்டுப்போனபோது, தெற்குவாசல் பக்கம் செருப்பும் பெல்ட்டும் தைப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. "இத ஒட்டுப்போட்டா நிக்காது, புதுசாத் தச்சிரலாம்" என்றார். ஒரு சீட்டைத் தோலின் மேல் வைத்துப் பேனாவால் கோடு இழுத்தார். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு. மடியும் இடத்தில் மட்டும் தோலைப் பின்பக்கம் கத்தியால் சீவிச் சீவி, தாள் கனத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே என்ன துணி என்று யோசித்துவிட்டு, கிழிந்த குடை ஒன்றை எடுத்து அதன் துணியைக் காட்டினார். "காசு வழுக்கிட்டு ஓடணும், அப்படித்தான?" என்றார். அப்படியேதான். கறுப்புக் குடைத்துணி. மார்க்கர் மை பட்டாலும் தெரியாது.

தோல் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஆட்டுத்தோல். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள், தோல் பதனிடுவதிலும் அது பழைய ஊர். ஒரு காலத்தில் நம் பக்கம் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். ஆவாரஞ்செடிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே தோல் பதனிடுபவரின் செடி என்றுதான் பொருள்படும். ஆவாரையோ வேறு மரமோ, பட்டை போட்டுப் பதனிட்ட தோலாகக் கேளுங்கள். கைபட்டு, வியர்வை பட்டு அது கருக்கும். ஆறு மாதத்தில் அப்பாவின் பர்ஸ் மாதிரி ஆகிவிடும். நமக்கு வேண்டியது அந்த முகம்தான். பளபளக்கும் ரெக்சினுக்கு அது வரவே வராது. வெடித்து உரியத்தான் செய்யும்.

நீங்கள் ஒரு மாதிரியைக் கொண்டுபோய்த் தைத்து வாங்கலாம். ஆனால் இன்னொருவர் யோசித்து விற்கும் வடிவத்தைக் காசு கொடுக்காமல் நகலெடுக்காதீர்கள். காசு கொடுத்து ஒன்றை வாங்குங்கள், மலிவானதாக இருந்தாலும் சரி. அதைப் பிரித்துப் பார்த்து, உங்கள் கைக்கும் பாக்கெட்டுக்கும் ஏற்றபடி ஒன்றே ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தைத்து விற்கக் கூடாது.

கல்யாண வரவேற்புக்கு ஒரு யோசனை. லெபால் வகையில் வரும் கவர் வெள்ளைத் தபால் கவராகவே எல்லோரும் வைக்கிறார்கள். நம் ஊரில் பர்ஸுக்குள் தபால் கவர் எதற்கு? மொய்க்கவர் வையுங்கள். மண்டபத்தில் யார் பையில் மொய்க்கவர் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கடையில் வரும் கவர் நீளம், ஒரு ரூபாய் நாணயம் வேறு ஒட்டியிருக்கும், மடிபர்ஸில் நிற்காது. அதே மஞ்சள் தாளில் 10 செ.மீ.க்கு 7 செ.மீ. அளவில் நானே மடித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஆர்ட்டின் ராணியில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு, அது மொய்க்கவருக்குள் இருந்து வந்தால், அந்தக் கவரோடு அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். கல்யாண ஆல்பத்தில் ஒட்டி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சீட்டுக்கட்டு என்றாலே முகம் சுளிக்கும் வீடுகளும் உண்டு. அங்கே விசிட்டிங் கார்டில் கையெழுத்து வாங்கி இதையே செய்யலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. மார்க்கர் மை காயும்வரை பேச்சுக் கொடுங்கள். காயாத சீட்டு உள்ளே போனால் அடுத்த மேசைக்காரரின் சீட்டில் முந்தையவரின் கையெழுத்து நிழலாக விழும். எனக்கு விழுந்திருக்கிறது. குங்குமப் பொட்டலத்தைச் சீட்டு வரும் அறையில் வைக்காதீர்கள், வெள்ளை ஓரம் சிவந்துவிடும். சாமி படம் வைத்திருந்தால் அதைச் சட்டைப் பைக்கு மாற்றிவிடுங்கள். பின் பாக்கெட்டில் சாமியை வைத்து உட்காருவது பெரியவர்களுக்குப் பிடிக்காது, பர்ஸை விரிக்கும்போது அவர்கள் கண்ணில் அதுதான் படும். பர்ஸிலேயே நாலு சீட்டு வைத்துக்கொண்டு செய்யும் சிறு வித்தைகளுக்கு இந்தப் பர்ஸைப் பயன்படுத்தாதீர்கள். உடம்புச் சூட்டில் சீட்டு தொடை வளைவுக்கு வளைந்துவிடும், அப்புறம் மேசையில் படுக்காது.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். இப்போது தினமும் வைத்திருக்கும் பர்ஸை எடுத்து, வித்தை எதுவும் செய்யாமல், கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டை அதில் எந்த அறையில் வைக்க முடிகிறது, ஒரே கையால் வெளியே எடுக்க வருகிறதா என்று பாருங்கள். எந்த இடத்தில் சிக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தைப்பவரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும் உங்கள் கட்டையும் எடுத்துப் போங்கள். பர்ஸ் கைக்கு வந்ததும் ஒரு மாதம் அதில் வித்தை செய்யாதீர்கள், காசு மட்டும் வையுங்கள். தைத்த பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்