பட்டறை ரகசியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு பழைய காரை முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, முகம் தெரியாத பலர் இணையத்தில் எழுதிவைத்ததிலிருந்து கற்றது. நானும் எழுத நினைக்கிறேன். எனக்கு உதவும் மூத்த மெக்கானிக், "தொழில் ரகசியத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டால் எங்கள் பிழைப்பு என்னாவது?" என்கிறார். நான் முறையாகத் தொழில் பழகியவனும் இல்லை. எழுதலாமா? காணொளி மட்டும் போட்டால் போதுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயங்காமல் எழுதுங்கள். அந்தப் பெரியவரின் கவலை நியாயமானதுதான். ஆனால் கார்புரேட்டரைப் பற்றிப் படித்த எல்லோரும், ஓடும் எஞ்சினின் ஓசையை வைத்தே எந்தச் சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட மாட்டார்கள். அந்தக் காதும் கையும் அவரிடமே இருக்கும். அவர் சொல்வதை எழுதாமல் விட்டால் இழப்பு நமக்குத்தான். அந்தக் காலத்துக் கையேடுகளில் பல, தொழில் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. கழற்றும் முறையைச் சொல்லிவிட்டு, 'பொருத்துவதற்கு இதையே தலைகீழாகச் செய்க' என்று ஒரே வரியில் முடித்துவிடும். இடையில் என்னென்ன நடக்கும் என்பது பட்டறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அவரிடம் அனுமதி கேளுங்கள், அவர் விரும்பினால் பெயரையும் போடுங்கள்.

தொழில் பழகாதவர் எழுதுவதில் தவறில்லை. எந்தக் காருக்கு என்று சொல்லாமல் எழுதுவதுதான் ஆபத்து. 'பேட்டரியின் நெகட்டிவ் முனையை பாடியில் இணைக்கவும்' என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். 1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. சிட்ரோயன் டிஎஸ் என்ற பிரெஞ்சு காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் அமைப்பு, அதாவது திரவ அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு, சில டிஎஸ் கார்களில் சிவப்புத் திரவத்துக்கானது, மற்றவற்றில் பச்சைக் கனிம எண்ணெய்க்கானது. மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். இரண்டுமே டிஎஸ்தான்.

மரை விஷயம் இன்னும் நுட்பமானது. விட்வொர்த் என்பது பழைய பிரிட்டிஷ் மரை அளவுமுறை, யுஎன்சி என்பது அமெரிக்க வழக்கில் உள்ளது. கால் அங்குல விட்வொர்த் போல்ட்டிலும் அதே அளவு யுஎன்சி போல்ட்டிலும் அங்குலத்துக்கு 20 மரைகள். அதனால் ஒன்றின் நட் மற்றொன்றில் ஏறிவிடும். விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. ஏறிவிட்டதே என்று நம்பி முறுக்கினால் பிடிப்பு சரியாக அமையாது, மரையும் தேயும். 'எனக்குப் பொருந்தியது' என்று மட்டும் எழுதியவரை நம்பி, வேறொருவர் அந்த போல்ட்டை ஸ்டீயரிங்கில் மாட்டினால் என்ன ஆகும்? ஆகவே ஆண்டு, எஞ்சின் எண், நீங்கள் அளந்த அளவு, எதை வைத்து அளந்தீர்கள் என்பது வரை எழுதுங்கள். தோற்றுப்போன வழிகளையும் சேருங்கள். ஓராண்டு ஓட்டிய பிறகு அந்த இடம் எப்படி இருக்கிறது என்று திரும்ப வந்து எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு மிகவும் பயன்பட்டவை அந்தக் குறிப்புகளே.

உயிருக்கு ஆபத்தானவற்றை எழுதும்போது எச்சரிக்கையை முதல் வரியில் வையுங்கள், கடைசியில் வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பை அது காயும் முன் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். மின்சாரம் பாய்ச்சித் துருவை நீக்கும்போது நேர்மின்வாயாகத் துருப்பிடிக்காத எஃகை வைத்தால், நஞ்சான குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. காலியான பெட்ரோல் டேங்கில் ஆவி நிற்கும் என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். நீங்களும் எழுதுங்கள், புதிதாக வருகிறவர் உங்கள் பக்கத்தை மட்டுமே படிக்கக்கூடும்.

காணொளி மட்டும் போதாது. ஒரு பூட்டு வளையத்தை எப்படி நெம்பிக் கழற்றுவது என்பதைக் காட்ட அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் நள்ளிரவில் கையில் கிரீஸோடு ஒரு பாகத்தின் எண்ணைத் தேடுகிறவர் நாற்பது நிமிடக் காட்சியை ஓட்டிப் பார்க்க முடியாது. காணொளிக்குக் கீழேயே பாக எண், மரை அளவு, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற முறுக்கு அளவு எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். படங்களில் ஓர் அளவுகோலையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். முதலில் பிரேக்கைப் பற்றி எழுதினால் நல்லது.

அன்புடன்.