ப்ராசசர் இனி எப்படி வேகமாகும்? – கேள்வி பதில்

சிப் வடிவமைப்பில் வெரிஃபிகேஷன் (வடிவமைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது) வேலை பார்ப்பவன் நான். போன வாரம் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2004-லேயே பென்டியம் 4 ப்ராசசர் 3.8 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. இன்றைக்கும் 5, 6 பக்கம்தானே நிற்கிறது, ஏன் சார்?

அப்போது இன்டெல் 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம் என்றுதான் நினைத்திருந்தது. அந்த வழியில் அடுத்து வரவிருந்த டேஜாஸ் சிப்பை 2004 மே மாதம் கைவிட்டார்கள். காரணம் சூடு.

1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவும் ஒரு கணக்கு சொன்னார்கள். சிப்பில் மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டி சுவிட்சான டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால், அதே இடத்தில் அதிக டிரான்சிஸ்டர் வைத்து வேகமாக ஓட்டினாலும் சூடு ஏறாது. முப்பது வருடம் தொழில் இதை நம்பித்தான் ஓடியது. 5 வோல்ட் படிப்படியாக இறங்கி 1 வோல்ட் பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. அதற்குக் கீழே போனால் டிரான்சிஸ்டர் ஒழுங்காக அணையாது, அணைத்து வைத்த நிலையிலும் மின்சாரம் கசியும். வோல்டேஜ் இறங்காமல் கிளாக்கை (கிகாஹெர்ட்ஸில் சொல்லும் துடிப்பு வேகம்) மட்டும் ஏற்றினால் முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். அந்த 3.8 கிகாஹெர்ட்ஸ் சிப் விரல் நகம் அளவுதான், ஆனால் 115 வாட். ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைவிடப் பல மடங்கு சூடு.

ஆனால் கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து வேகத்தை எடை போடாதீர்கள். ஒரே கிளாக் துடிப்பில் இன்றைய கோர் (ப்ராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி) முடிக்கும் வேலை, பென்டியம் 4 முடித்ததைவிட மிக அதிகம்.

கேள்வி: 3 நானோமீட்டர் என்கிறார்களே, சிப்பில் எது அந்த அளவு இருக்கும்?

எதுவுமே இல்லை. அது ஒரு தலைமுறையின் பெயர், அவ்வளவுதான். அந்தச் சிப்பில் பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர் கேட்டுகளுக்கு (அவற்றைத் திறந்து மூடும் பகுதி) இடையிலான தூரமே சுமார் 48 நானோமீட்டர். இரண்டு நிறுவனங்களின் எண்ணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

கேள்வி: கிளாக் ஏறாவிட்டால் என்ன, 64 கோர் போட்டுவிட்டால் போதாதா?

வேலையைப் பொறுத்தது. வீடியோ ரெண்டர் செய்பவருக்குப் போதும். மற்றவர்களுக்கு 1967-ல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்ன கணக்கு குறுக்கே நிற்கும். ஒரு நிரலில் 5 சதவீதத்தை மட்டும் பிரிக்கவே முடியாது என்றால், ஆயிரம் கோர் வைத்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது.

கேள்வி: அண்ணா, கேம் ஆட ஏஎம்டி நிறுவனத்தின் எக்ஸ்3டி ப்ராசசர்தான் வாங்கணும் என்கிறார்கள். அதன் கிளாக் குறைவாக இருக்கிறதே?

இன்றைக்கு வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ப்ராசசரின் எதிர்காலமே இதற்குள் இருக்கிறது.

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அஞ்சறைப் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அது கோருக்குள்ளேயே இருக்கும் எல்1 கேஷ் என்ற சின்ன, வேகமான நினைவகம். தீர்ந்துபோனால் கடைக்குப் போக வேண்டும், அதுதான் ரேம். எல்1-லிருந்து எடுக்க 4 கிளாக் போதும். ரேம் வரை போய்வர 400 கிளாக் வரைகூட ஆகும். கடுகு எடுக்க 4 நொடி என்றால் கடைக்குப் போய்வர ஏறக்குறைய 7 நிமிடம். அதுவரை அடுப்பு சும்மா எரிகிறது. மின்சாரச் செலவும் அப்படியே. இரண்டு எண்ணைக் கூட்டுவதற்கு ஆவதைவிட, அந்த எண்ணை ரேமிலிருந்து கொண்டுவர ஆயிரம் மடங்குக்கும் மேல் ஆகும்.

2022-ல் வந்த ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி செய்தது இதுதான்: ப்ராசசரின் தலைமேல் இன்னொரு சிப்பை ஒட்டி, கோர்கள் பகிர்ந்துகொள்ளும் பெரிய கேஷான எல்3-ஐ 32-லிருந்து 96 எம்பி ஆக்கியது. கடைக்குப் போகும் தடவை குறைந்தது. கிளாக்கைக் கொஞ்சம் குறைத்தும் கேம்களில் முந்தியது. மேலே ஒட்டியது சூட்டை அடைத்தது என்பதால், 2024-ல் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். ரொம்ப அழகான யோசனை!

கேள்வி: மூரின் விதி செத்துவிட்டதா?

சிப்பில் டிரான்சிஸ்டர் எண்ணிக்கை சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதுதான் அந்த விதி. எண்ணிக்கை இன்னும் ஏறுகிறது. 1971-ன் இன்டெல் 4004-ல் 2,300 இருந்தது, 2020-ன் ஆப்பிள் எம்1-ல் 1,600 கோடி. ஆனால் முன்போல மலிவாகவும் ஏறுவதில்லை, எல்லாமே ஒரே சீராகச் சுருங்குவதும் இல்லை. சிப் தயாரிக்கும் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டரிலிருந்து 3-க்கு வந்தபோது கணக்குப் போடும் பகுதி நன்றாகச் சுருங்கியது. கேஷ் செய்யப் பயன்படும் எஸ்ரேம் செல், என்3இ என்ற 3 நானோமீட்டர் வகையில் சுருங்கவே இல்லை. விலை உயர்ந்த புதிய தொழில்நுட்பத்தில் கேஷைச் செய்து என்ன பயன்? சிப்பைத் துண்டு துண்டாகச் செய்து ஒட்டும் சிப்லெட் முறை இதற்கும் கைகொடுக்கிறது. கோரை 5 நானோமீட்டரிலும் மேலே ஒட்டும் கேஷை 7-லும் செய்த சிப்கள் ஏற்கெனவே கடையில் கிடைக்கின்றன. அடுத்த பத்து வருடத்தின் பெரிய போட்டி இந்த ஒட்டும் வித்தையில்தான் என்பது என் கணிப்பு.

கேள்வி: நான் இரண்டாம் ஆண்டு ஈசிஇ மாணவி. இதில் இறங்க எங்கே தொடங்குவது?

ரிஸ்க்-ஃபைவ் படியுங்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய கட்டளைத் தொகுப்பு (ப்ராசசர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல்), யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசசர் அதன்மேல் கட்டியதுதான். அதன் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

அதற்கு முன் இன்று இரவே ஒரு சின்னச் சோதனை. சி மொழியில் 8000-க்கு 8000 அளவில் ஓர் அணி எடுத்து, எல்லா எண்களையும் முதலில் வரிசை வரிசையாகவும், அப்புறம் நெடுவரிசை நெடுவரிசையாகவும் கூட்டுங்கள். கம்பைலர் ஆப்டிமைசேஷனைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அதுவே சுற்றை மாற்றிப் போட்டுவிடலாம். இரண்டிலும் கூட்டல் ஒரே எண்ணிக்கைதான். எவ்வளவு நேரம் ஆனது என்று இரண்டையும் குறித்து இங்கே போடுங்கள், ஏன் அப்படி வந்தது என்று உங்கள் சிப்பின் கேஷ் அளவை வைத்துச் சேர்ந்து பார்ப்போம்.