பாய்மரப் படகு கேள்வி-பதில்: ஸ்கிப்பரே தண்ணீரில் விழுந்தால்?

காம்பிடென்ட் க்ரூ என்ற தொடக்கப் படிப்பை முடித்துவிட்டேன். நானே ஸ்கிப்பராக, அதாவது படகுத் தலைவராக, படகு எடுக்கலாமா?

கூடாது. அந்த ஐந்து நாள் படிப்பு, சொன்ன வேலையைப் பிழையின்றிச் செய்யும் க்ரூவுக்கானது, அதாவது படகுப் பணியாளருக்கானது. படகைப் பொறுப்பேற்று நடத்த டே ஸ்கிப்பர் படிப்பை முடியுங்கள்.

யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் சான்றிதழுக்கு என் 3000 மைல் போதுமா?

2500 கடல் மைல்தான் தேவை. ஆனால் 50 நாள் கடலில் இருந்திருக்க வேண்டும், அதில் 5 நாள் ஸ்கிப்பராக. 60 மைலுக்கு மேற்பட்ட பயணங்கள் ஐந்து. அவற்றில் இரண்டு இரவு தாண்டியவை, இரண்டு நீங்கள் ஸ்கிப்பராகப் போனவை. பாதியாவது ஏற்ற வற்றம் உள்ள கடலில் ஓடியிருக்க வேண்டும். எந்தக் கடலில் ஓட்டினீர்கள் என்றே நீங்கள் எழுதவில்லை. மத்தியதரைக் கடல் மட்டும் என்றால் போதாது.

வின்ச்சில் (கயிறு சுற்றி இழுக்கும் உருளையில்) விரல் மாட்டிக்கொண்டது. கையுறை போட்டால் சரியாகுமா?

ஆகாது, பிடிக்கும் விதம்தான் தவறு. சுண்டுவிரல் டிரம் பக்கம், கட்டைவிரல் உங்கள் பக்கம். ஷீட்டை (பாயின் கயிற்றை) தளர்த்தும்போது இன்னொரு உள்ளங்கையால் சுற்றுகளை அழுத்திக்கொண்டே விடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

படகில் நாங்கள் இருவர்தான். கணவருக்கு எல்லாம் தெரியும். எனக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்?

அவர் விழுந்தால் அவரைத் தூக்கி ஏற்றும் அளவுக்கு. இதில் எனக்கு ஆற்றாமை உண்டு: எல்லாப் படகிலும் ஃபெண்டரை (படகின் பக்கத்தில் கட்டும் மெத்தையை) எறிந்து மீட்புப் பயிற்சி செய்கிறார்கள், எப்போதும் ஸ்கிப்பரே சுக்கானில் நிற்கிறார். விழுகிறவர் அவராகவும் இருக்கலாமே!

பயிற்சியில் அவரைக் காக்பிட் (சுக்கான் இருக்கும் பள்ளம்) மூலையில் வாய் திறக்காமல் உட்கார வையுங்கள். அவர் விழுந்துவிட்டார் என்று வைத்து நீங்கள் செய்ய வேண்டியது: மிதவையை எறிந்து, ஜி.பி.எஸ்.ஸில் எம்.ஓ.பி. பட்டனை (ஆள் விழுந்த இடத்தைப் பதிவது) அழுத்துங்கள், அவரைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருக்க மூன்றாம் ஆள் இல்லை. ஜிப் (முன்பாய்) ஷீட்டைத் தொடாமல் படகைக் காற்றுக்குள் திருப்புங்கள். படகு மறுபுறம் சாய்ந்ததும் சுக்கான் சக்கரத்தைப் புதிய காற்றுப் பக்கம் திருப்பிப் பூட்டினால் ஓட்டம் அடங்கிவிடும். உண்மையாகவே விழுந்திருந்தால் மட்டும், வி.எச்.எஃப். ரேடியோவில் சிவப்பு மூடியைத் தூக்கி, ஆபத்துப் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு 16-ஆம் சேனலில் மேடே என்ற ஆபத்து அழைப்பு. ஜிப்பைச் சுருட்டி, தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று பார்த்த பிறகே எஞ்சின். ஒரு ஷீட் ப்ரொபெல்லரில் சுற்றினால் கதை முடிந்தது. அவர் பக்கத்தில் வந்ததும் நியூட்ரல்.

தூக்குவதுதான் பலருக்கும் முடியாமல் போகிறது. நனைந்த 80 கிலோ ஆளை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கையால் ஏற்ற முடியாது. லைஃப் ஜாக்கெட்டின் தூக்கு வளையத்தில் ஹேலியார்டை (பாயை ஏற்றும் கயிற்றை) மாட்டி வின்ச்சால் சுற்ற வேண்டும். உங்கள் கைபலத்துக்கு அந்த வின்ச் சுற்றுகிறதா? துறைமுகத்திலேயே, அவரை உண்மையாகத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் கப்பி வாங்கிக் கட்டாமல் கிளம்பாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் புதிது. வேறென்ன பார்க்க வேண்டும்?

ஜாக்கெட்டை ஊதும் கேஸ் சிலிண்டர் அதிர்விலேயே கழன்றிருக்கலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கையால் இறுக்குங்கள். கால் இடுக்குப் பட்டை இல்லாமல் குதித்தால் ஜாக்கெட் முகத்துக்கு மேலே ஏறிவிடும்.

இரவு வாட்ச் (காவல் முறை) எத்தனை மணி நேரம்?

இருவர் என்றால் ஆளுக்கு மூன்று மணி நேரம். உள்ளே படியில் நிற்கும்போதே டெதரை (உங்களைப் படகோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிற்றை) மாட்டிவிட்டு வெளியே வாருங்கள்.