ஓடினால் சோறு கிடைக்குமா? கோத்தகிரித் தாயார் ஒருவருக்கு எழுதிய பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மகளை ஸ்டீபிள்சேஸ் ஓட வைக்கலாம் என்று பி.டி. மாஸ்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 'அதைப் போனில் தேடினால் குதிரையாக வருகிறது, மாஸ்டர் என் மகளை ஊட்டி ரேஸுக்கா அனுப்பப் போகிறார்?' என்று கேட்டிருந்தீர்கள். பெயர் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்ததுதான். ஆனால் இதில் ஓடுவது மனிதர்கள். 3000 மீட்டர் ஓட வேண்டும். வழியில் 28 முறை கட்டையைத் தாண்ட வேண்டும், அது போக 7 முறை தண்ணீர்க் குழி. பெண்களுக்குக் கட்டையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். சாதாரணத் தடை ஓட்டத்தில் கால் பட்டால் தடை சாய்ந்துவிடும். இந்தக் கட்டை சாயாது. மோதினால் விழுவது நாம்தான்.

சரி, கடைசி வரியில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஓடினால் சோறு கிடைக்குமா? பரிசுப் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் ஸ்டீபிள்சேஸ் வீரர் யாரையும் நான் பார்த்ததில்லை. இவர்கள் எல்லாருமே மாதச் சம்பளக்காரர்கள். நாம் பேப்பரில் படிக்கும்போது பதக்கம் வாங்கினார், அரசு வேலை கொடுத்தது என்று வருகிறது. பெரும்பாலும் நடப்பது தலைகீழ். முதலில் ஒரு வேலை கிடைக்கிறது, அந்தச் சம்பளத்தில் ஏழெட்டு வருடம் ஓடுகிறார்கள், அப்புறம்தான் பதக்கம்.

அவினாஷ் சாப்ளேயையே பாருங்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் மாண்ட்வா என்ற கிராமம், விவசாயக் குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ராணுவத்தில் சேர்ந்தார். சியாச்சின் பனியில் எல்லாம் பணி செய்திருக்கிறார். போட்டி ஓட்டத்துக்கு வந்ததே 2015-ல், ராணுவத்தின் கிராஸ் கன்ட்ரி (மேடுபள்ள நிலத்து ஓட்டம்) போட்டி வழியாக. 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி. 1998-லிருந்து காமன்வெல்த் ஸ்டீபிள்சேஸின் மூன்று பதக்கங்களையும் கென்யாக்காரர்களே அள்ளிக்கொண்டிருந்தார்கள், நடுவில் புகுந்தார். 2023-ல் ஆசிய விளையாட்டில் தங்கம். 2024-ல் பாரிஸில் நடந்த டயமண்ட் லீக் என்ற சர்வதேசத் தடகளத் தொடரில் 8 நிமிடம் 9.91 விநாடி, தேசிய சாதனை. அந்த முதல் அரசுச் சம்பளம் இல்லாவிட்டால் இவர் பீட் மாவட்டத்திலேயே ஏதாவது கூலி வேலையில் நின்றிருக்கலாம்.

பெண்களில் சுதா சிங், லலிதா பாபர், பாருல் சவுத்ரி மூவரும் ரயில்வே ஊழியர்களாக இருந்து ஓடியவர்கள். சுதா 2010 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். லலிதா 2016 ரியோ ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டிக்கே போய் 10-வதாக வந்தார். 1984-ல் பி.டி. உஷாவுக்குப் பிறகு தடகள ஓடுபாதையில் ஒலிம்பிக் இறுதிக்குப் போன இந்தியப் பெண் அவர்தான். இப்போது மகாராஷ்டிர அரசின் வருவாய்த் துறையில் அதிகாரி. பாருல் கதை உங்களுக்குப் பிடிக்கும். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்டீபிள்சேஸில் வெள்ளி வாங்கிவிட்டு, மறுநாளே 5000 மீட்டரில் தங்கம் வாங்கினார். தங்கம் வென்றால் உத்தரப் பிரதேச போலீஸில் டி.எஸ்.பி. ஆக்குவார்கள் என்ற நினைப்புதான் கடைசி 50 மீட்டரில் ஓடியது என்று பிறகு வெளிப்படையாகச் சொன்னார். வேலையை நினைத்து ஓடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அம்மா. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது வயதைக் கணக்குப் போடுவோம். சுதா தங்கம் வாங்கியபோது வயது 24. லலிதா ரியோவில் ஓடியபோது 27. பாருலுக்கு ஹாங்சோவில் 28. உங்கள் மகளுக்கு இப்போது 16. அதாவது இன்னும் பத்து வருடம். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் 18-லிருந்து 25 வயதுக்குள் சேர வேண்டும். துணை ராணுவப் படைகளிலும் விளையாட்டு வீரர்களை எடுக்கிறார்கள், அங்கே வயது வரம்பு இன்னும் குறைவு. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் உண்டு. இவற்றுக்கு ஒலிம்பிக் தேவையில்லை. தேசிய ஜூனியர் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, இந்த மாதிரி இடங்களில் முதல் மூன்றுக்குள் வருவதுதான் கணக்கு. மாவட்ட முதலிடம் நல்ல விஷயம், ஆனால் அதை வைத்து யாரும் வேலை தர மாட்டார்கள். இன்றைக்குக் கவலைப்பட வேண்டியது 28 வயதைப் பற்றி இல்லை. 21 வயதுக்குள் அவள் கையில் தேசிய அளவுச் சான்றிதழ் ஒன்று இருக்குமா என்பதைப் பற்றித்தான்.

நம் நீலகிரி மலை இதற்கு உதவும் என்று மாஸ்டர் சொன்னது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் பிராணவாயு குறைவாகக் கிடைப்பதால் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. அதற்காகத்தான் இந்திய அணியின் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஊட்டிக்கு வந்து மாதக்கணக்கில் முகாம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் செலவு செய்து தேடி வரும் காற்று உங்கள் மகளுக்குப் பிறந்த நாளிலிருந்து இலவசம். ஆனால் மலையில் பிறந்ததே போதும் என்றால் நம் ஹட்டிகளில், அதாவது மலைக் கிராமங்களில், வீட்டுக்கு ஒரு சாம்பியன் இருக்க வேண்டுமே. மெல்லிய காற்றில் முழு வேகத்தில் பழகுவது கஷ்டம். கட்டை தாண்டும் தாளம், களைத்த காலோடு குழியைத் தாண்டி ஈரமான ஷூவில் அடுத்த அடியை வைப்பது, இதெல்லாம் சமதளத்து ஓடுபாதையில்தான் வரும். நான் பார்த்த சில மைதானங்களில் குழி இருக்கிறது, அதில் தண்ணீர்தான் இல்லை.

அதனால் என் யோசனை: ப்ளஸ் டூ வரை கோத்தகிரியிலேயே இருக்கட்டும், ஓட்டத்தையும் உடம்பையும் வளர்க்கட்டும். கட்டையை வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் தொட வேண்டாம். அப்புறம் கோயம்புத்தூரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மூன்று வருடப் பட்டம். நேரு ஸ்டேடியத்தில் செயற்கை ஓடுபாதை இருக்கிறது, லீவுக்கு மலையேறி வந்தால் உயரப் பயிற்சியும் ஆச்சு.

நர்சிங்கில் சேர்க்கலாமா என்ற பேச்சுக்கு வருகிறேன். நர்சிங் நல்ல படிப்பு, நானே எத்தனையோ பெண்களை அனுப்பியிருக்கிறேன். ஆனால் நாலு வருடம், வார்டு டியூட்டி, வருகைப் பதிவு. காலையும் மாலையும் பயிற்சி செய்கிற பெண்ணால் இரண்டையும் இழுக்க முடியாது. நர்சிங் என்று முடிவெடுத்தால் ஓட்டம் அன்றோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பட்டம் என்றால் கல்லூரி இரண்டாம் வருடம் முடியும்போது திரும்பிப் பார்க்கலாம். தேசியப் போட்டியில் இறுதிச் சுற்றைக்கூட எட்டவில்லை என்றால் பி.பி.எட். படித்து உடற்கல்வி ஆசிரியர், அல்லது பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்-ஸில் பயிற்சியாளர் படிப்பு, அல்லது டி.என்.பி.எஸ்.சி. எந்த வழியும் அடைபடாது. ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப்பை மட்டும் மாற்றாதீர்கள், நர்சிங் என்று மனம் மாறினால் அது வேண்டும்.

உடம்பு விஷயம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும், அம்மா. அவளுக்கு ஹீமோகுளோபினும் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பரிசோதித்துவிடுங்கள். இரும்பு இல்லாத உடம்புக்கு உயரத்தின் பலன் கிடைக்காது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் நின்றால் 'ஓடுகிற பெண்ணுக்கு அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பெரும்பாலும் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம், எலும்பு பலவீனமாகும். டாக்டரிடம் போங்கள். முழங்காலும் அப்படித்தான். 2025-ல் மொனாக்கோவில் தண்ணீர்க் குழியில் விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்தது சாப்ளேக்கே.

இன்னொன்று, பவுடர். 'புரோட்டீன்தான், எல்லாரும் எடுக்கிறாங்க' என்று யாராவது டப்பா நீட்டுவார்கள். ரியோவில் இதே போட்டியில் தங்கம் வென்ற ரூத் ஜெபெட் பிற்பாடு ஊக்கமருந்தில் சிக்கி நாலு வருடத் தடை வாங்கினார். நம் பெண் சிக்கினால் ஓட்டத்தோடு வேலையும் போகும். ராகிக் களியும் அவரையும் முட்டையும் போதும்.

சான்றிதழ்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் மாநிலப் பதக்கத்தோடு வந்தான். சான்றிதழில் நிகழ்ச்சியின் பெயரும் அவன் இடமும் எழுதியிருந்தது, சங்கத்தின் முத்திரை இல்லை. கையெழுத்துப் போட்டவர் பொறுப்பிலிருந்து போய்விட்டார். நானும் அதைக் கவனிக்காமல் விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டேன், அந்த வருட இடம் போனது. அது என் தவறும்தான். அதற்கப்புறம் யார் வந்தாலும் முதலில் முத்திரையைத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு போட்டி முடிந்த அன்றே வாங்கி, பெயர், பிறந்த தேதி, போட்டியை நடத்திய சங்கம், வருடம் எல்லாம் சரிதானா என்று மைதானத்திலேயே பாருங்கள். மஞ்சப்பையில் மடித்து வைக்க வேண்டாம், ஒரு ஃபைல் போடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் குன்னூருக்கு வாருங்கள். காலையில் வேண்டாம், அவள் ஓட வேண்டும். ஃபைலையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டுவாருங்கள். அப்பாவையும் கூப்பிடுங்கள், அவர் பயம் நியாயமானது, அதை நேரில் கேட்க வேண்டும். முக்கியமாக உங்கள் மகள் வர வேண்டும். நாலு பக்கக் கடிதத்தில் மாஸ்டர் சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னது இருக்கிறது, சித்தப்பா சொன்னதுகூட இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை.